ஹாஜியாருக்கு ஓர் அடி கூட்டிய முத்தலிபு

எங்கள் கற்பிட்டிக் கழுதைகளுக்குக் கோல்ஃப் விளையாடத் தெரியும். நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஹோட்டல் மைதானத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். தென்னைக்குப் பின்னால் போய் மாட்டிய பந்து, அடித்தவர் நடந்துபோய்ச் சேர்வதற்குள் வெளியே வந்து வசதியாகக் கிடக்கும். எப்படி வந்தது என்று கேட்டால், "கழுதை தட்டிட்டுப் போகுது" என்பார்கள். எந்தக் கழுதையும் ஒருநாளாவது பந்தைக் குழியைவிட்டுத் தூரமாகத் தட்டியதில்லை. அவ்வளவு பண்பான கழுதைகள்.

அந்தக் கழுதைகளில் நானும் ஒன்று. பெயர் றிம்ஸான். ஹோட்டலில் ஸ்டோர் என் பொறுப்பு. அரிசி மூட்டை, சவர்க்காரம், வெள்ளைக்காரர் அறையில் மறந்துவிட்டுப் போகும் கண்ணாடி, செருப்பு, புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். ஆனால் நான் சொல்லவந்தது என்னைப் பற்றி அல்ல. என்னையும் என்னைப் போன்ற கழுதைகளையும் ஏழு வருசமாக நிம்மதியாக விளையாட விடாத முத்தலிபு நானாவைப் பற்றி.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சின்ன வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்து அடித்துத் தூரத்திலுள்ள குழிக்குள் விழுத்த வேண்டும். குறைந்த அடியில் விழுத்தியவர் வென்றார். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்துதான் அடிக்க வேண்டும். அதைக் கையாலோ காலாலோ நகர்த்தினால் தண்டனையாக அடிகளைக் கூட்டிவிடுவார்கள். இந்தக் கடைசி வசனத்தில்தான் எங்களுக்கும் அவருக்கும் பிரச்சினை.

சண்டை முடிந்து இரண்டு வருசத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து களப்போரம், உப்புநீர் ஏரிக்கரையில், தென்னங்காணி வாங்கி ஹோட்டல் கட்டினார். கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரருக்காகத்தான் கட்டினார். ஆனால் அவருக்குத் தனிப்பட்ட பைத்தியம் கோல்ஃப். ஆகவே தென்னைகளுக்கிடையில் ஆறு குழி வெட்டினார். எங்கள் மண்ணில் புல் இலேசில் வராது. குழிகளைச் சுற்றி மட்டும் நாலு பாய் விரித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் புல் வளர்த்தோம். அதற்குப் பெயர் 'பச்சை'. மிச்சமெல்லாம் மணல், தேங்காய்க் கோம்பை, கழுதைச் சாணம். ஊராரோடு மனத்தாங்கல் வரக்கூடாது என்று ஞாயிறு பின்னேரங்களில் ஊர்க்காரர் இலவசமாக விளையாடலாம் என்றும் சொல்லிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கருவாட்டு வியாபாரியும், தலவிலவிலிருந்து வரும் இஞ்சின் திருத்துகிற பாஸ் பஸ்தியானும், நானும், இன்னும் ஏழெட்டுப் பேரும் அப்படித்தான் கோல்ஃப்காரர் ஆனோம்.

அந்தப் பச்சைக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்த ஆள்தான் முத்தலிபு நானா. ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது எல்லோரையும் போல ஒரு பையோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினார். வயது இருபத்தொன்று. முகாமில் நிவாரணச் சாமானுக்கு வரிசை நிற்கும்போது இவரை வரிசை பார்க்கப் போட்டார்களாம். கமிட்டித் தலைவரின் மச்சான் ஒருநாள் இடையில் புகுந்தான். இவர் பின்னால் போகச் சொன்னார். அவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பவும் பின்னால் போகச் சொன்னார். அவனும் போனான். இதை அவர் சொன்னதில்லை. அந்த வரிசையில் நின்ற அவர் மனைவி மஹ்மூதா ராத்தாதான் சொன்னார். "அண்டைக்கே யோசிச்சிருக்கணும். இந்த மனிசனக் கட்டினா ஒரு நாளும் எங்களுக்கு மொதல்ல சாமான் கெடைக்காது எண்டு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

பிறகு உப்பளத்தில் இருபது வருசம். பிறகு எங்கள் ஹோட்டல். தண்ணீர் ஊற்றுவார், காணாமல்போன பந்து தேடுவார். கண் அவ்வளவு கூர்மை. ஆனபடியால் அடிக்கணக்கு எழுதுகிற வேலையும் அவரிடம் வந்தது. அதுவரை எங்கள் காட்டில் மழை. அடியைக் கேட்பார், நாங்கள் சொல்வோம், எழுதுவார்.

கெடுத்தது ஒரு கிழட்டு ஸ்கொட்லாந்துக்காரர். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வந்து ஒரு கிழமை நின்றார். போகும்போது முத்தலிபு நானாவின் கையைப் பிடித்து, உள்ளங்கை அளவு சட்டப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பணம் கொடுத்திருந்தால் ஊருக்கு நல்லது நடந்திருக்கும். முத்தலிபு நானாவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். வீட்டில் மகள் மர்ளியா அப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை முழுப் புத்தகத்தையும் தமிழில் பெயர்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டது. மூன்று மாதம் எடுத்ததாம். அடுத்த ஞாயிறு முத்தலிபு நானா அந்தக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அன்றைக்கு எங்கள் சந்தோசம் போனதுதான்.

"றிம்ஸான் தம்பி, ஒங்கட பந்து இந்த மரத்துக்குப் பின்னால விழுந்தது."

"கழுதை தட்டிட்டு நானா."

கொப்பியைத் திறந்தார். "மிருகம் தட்டினா குத்தமில்ல. ஆனா பழைய எடத்துலயே வைக்கணுமாம். வைங்க."

கழுதைகளுக்கு அன்றோடு வேலை போனது.

பஸ்தியான் கோம்பைக் குழிக்குள் விழுந்த பந்தை எடுத்துவிட்டுப் புனித அன்னம்மாளை நினைத்துக்கொண்டு வேறிடத்தில் வைத்தான். முத்தலிபு நானா அன்னம்மாளுக்கு மரியாதை சொல்லிவிட்டு இரண்டு அடி கூட்டினார். கொழும்பிலிருந்து ஹோட்டல் முதலாளியே நாலு விருந்தாளிகளோடு வந்து விளையாடும்போது, பந்துக்குப் பின்னாலிருந்த மணலைச் செருப்பால் மிதித்துச் சமப்படுத்தினார். "சேர், ரெண்டு" என்று சொல்லிவிட்டார் இவர். அன்றோடு அவர் வேலை போகும் என்று நான் அவருடைய சம்பளச் சீட்டைக்கூட எடுத்து வைத்தேன். முதலாளி சிவந்துபோய் நின்றார், பிறகு விருந்தாளிகள் கைதட்டியதால் தானும் தட்டினார்.

எனக்கு அவரோடு ஓயாத வழக்கு. "நானா, நாங்க என்ன ஒலிம்பிக்குக்கா போறம்? பெரிய ஆக்கள் காசுக்கு விளையாடுறாங்க, அவங்களுக்குச் சட்டம் வேணும். நாங்க வயிறு குறையட்டுமெண்டு வாறம். எங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய கொப்பி?"

"வயிறு குறையட்டும் தம்பி, அடியக் குறைக்காதீங்க."

"ஆருக்கு நட்டம்?"

"ஆருக்கும் நட்டமில்ல. அதனாலதான் சொல்றன். ஆருக்கும் நட்டமில்லாத எடத்துலயே நேரா நிக்க ஏலாட்டி, நட்டம் வாற எடத்துல எப்பிடி நிப்பீங்க?"

மனுசன் எங்களைப் பிடித்து வைத்துப் பள்ளிவாசல் பயான் பண்ணுகிறார் என்று எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் விடியற்காலை ஸ்டோர் யன்னலால் பார்த்தேன். ஆள் அரவமில்லை. தனியாக விளையாடிக்கொண்டிருந்தார். அடிப்பதற்கு முன் அவரே பந்தைக் கம்பால் தொட்டுவிட்டார் போலிருக்கிறது. குனிந்து பந்தைப் பழைய இடத்தில் வைத்து, காதில் செருகியிருந்த பேனையை எடுத்துத் தனக்கே ஒரு அடி எழுதிக்கொண்டார். எனக்குக் கோபமே வந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் இப்படி நடந்துகொள்கிறவரோடு மற்றவர்கள் எப்படி வாழ்வது?

இப்போது கலியாணக் கதைக்கு வருகிறேன்.

மர்ளியா வளர்ந்து கற்பிட்டி டவுனில் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தாள். கருவாட்டு முதலாளி மீராசாஹிப் ஹாஜியாரின் மகன் ரிஃபாஸ் அந்தப் பாமசிக்கு அடிக்கடி போனான். ஆறடி உயரம், லொறி ஓட்டுகிறவன், சளிகூடப் பிடிக்காத உடம்பு. அவன் நாளுக்கு ஒரு அட்டை விட்டமின் சீ வாங்கினால் ஊருக்கு விளங்காதா? ஹாஜியார் பரம்பரைக் கற்பிட்டிக்காரர். முத்தலிபு நானா வந்து இருபத்தெட்டு வருசமானாலும் சிலரின் வாயில் இன்னும் அகதிதான். அந்த வேலியைத் தாண்டி ஹாஜியார் பெண் கேட்டு வந்தது பெரிய விசயம். மகன் சாப்பிடமாட்டேன் என்று இருந்துவிட்டான் என்றும், விட்டமின் சீயால் மட்டும் உயிர் வாழ்ந்தான் என்றும் பஸ்தியான் சொன்னான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது தையில் பேச்சு முடிந்தது. பங்குனியில் நிக்காஹ். மஹ்மூதா ராத்தா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்தார்.

ஹாஜியார் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர், கழுதைகளின் தலைவர். பந்தைத் தள்ளுவதில் அவருக்கு நிகர் அவர்தான். சாரத்தின் கரையால்கூடத் தள்ளுவார். சம்மந்தம் பேசியபிறகு இனி முத்தலிபு நானா கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார் என்று எல்லோரும் நம்பினோம். மாசியில்தான் வருசக் கோப்பைப் போட்டி.

போட்டியில் கடைசிக் குழிக்கு வரும்போது ஹாஜியாரும் நானும்தான் முன்னணியில். நான் முப்பத்தொரு அடியில் முடித்துவிட்டேன். ஹாஜியாருக்கு இருபத்தொன்பது ஆகியிருந்தது. பந்து பச்சையில் குழியிலிருந்து இரண்டு முழத்தில். ஒரே தட்டில் விழுத்தினால் முப்பது, கோப்பை அவருக்கு. சுற்றி இருபது பேர். குனிந்து கம்பைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். பந்து குழிப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.

ஹாஜியார் நிமிர்ந்தார். முத்தலிபு நானாவைப் பார்த்தார். "கம்பு பட்டுட்டு, முத்தலிபு. தெரியாமப் பட்டது" என்று சொல்லிவிட்டுத் தானே பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். எங்களுக்கு வாய் திறந்தபடி இருந்தது. ஹாஜியார் ஒரு பந்தைக் குழிக்குத் தூரமாக வைத்ததை அன்றுதான் முதல் முறை பார்த்தோம். சம்மந்தி ஆகப்போகிற மனிதருக்கு முன்னால் மரியாதையாக நடந்துகொள்கிறார் என்று எல்லோருக்கும் சந்தோசம். பிறகு ஒரே தட்டில் உள்ளே விழுத்தினார். பஸ்தியான் விசிலடித்தான்.

முத்தலிபு நானா கொப்பியைத் திறந்தார். எனக்கே அவரிடம் போய்க் கொப்பியைப் பறித்துக் களப்பில் எறியலாம் போலிருந்தது.

"பதினெட்டாம் சட்டம், ஹாஜியார். தெரியாமப் பட்டாலும் ஒண்டு. முப்பத்தொண்டு எழுதுறன்."

"நானே சொன்னதுக்கா?"

"சொன்னது பெரிய விசயம். ஆனா ஒண்டு."

சமநிலை. அப்படியானால் முதலாம் குழியைத் திரும்ப ஒருமுறை விளையாடித் தீர்க்க வேண்டும். ஹாஜியார் கோபத்தோடு அடித்தார். முதல் அடியே களப்பில் போய் விழுந்தது. முத்தலிபு நானாவும் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடினார்கள். என் பந்து ஒரு தென்னைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு மனுசனும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு கழுதையும் இல்லை. என் வலது கால் பெருவிரல் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்டு வளர்ந்த விரல் அல்ல. பந்து தென்னையை விட்டு ஒரு முழம் வெளியே வந்தது. ஹாஜியார் ஐந்து, நான் நாலு. கோப்பை எனக்கு.

அடுத்தநாள் காலை கருவாட்டுக் கடையில் பத்துப் பேருக்கு முன்னால் ஹாஜியார் சொன்னார்: "உண்மையச் சொன்ன மனிசனுக்கே தண்டம் போடுறவன்ட வீட்டுல நான் சம்மந்தம் செய்ய மாட்டன். அகதிக்கு இவ்வளவு பெருமை எதுக்கு?" அந்தச் சொல் வெயிலேறுவதற்குள் முத்தலிபு நானாவின் வீட்டுக்குப் போய்விட்டது. வெள்ளையடிக்க வந்தவன் ஒரு சுவரோடு திரும்பிப் போனான்.

ஊர் இரண்டாகப் பிரியவில்லை. முழு ஊரும் ஹாஜியார் பக்கம். மகளின் வாழ்க்கையைவிட ஒரு அடி பெரிதா என்று கேட்காதவர் இல்லை. நானும் கேட்டேன், கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு. முத்தலிபு நானா வழமைபோலத் தண்ணீர் ஊற்றினார். ஒரே இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பச்சையில் தண்ணீர் தேங்கும். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் என் பெருவிரலை நினைத்ததும் உள்ளே போய்விடுவேன்.

மூன்றாம் கிழமை ஒரு ஜேர்மன்காரர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். அறை கூட்டுகிற பையன் இரண்டு சட்டையும் ஒரு சின்னப் புத்தகமும் கொண்டுவந்து ஸ்டோரில் வைத்தான். பார்த்தால் கோல்ஃப் சட்டப் புத்தகம், இங்கிலிஷில். அட்டையில் 2019 என்றிருந்தது. அந்த வருசம் தை முதலாம் திகதியிலிருந்து சட்டங்களை மாற்றி எழுதியிருக்கிறார்களாம். நான் சும்மா புரட்டினேன். பதின்மூன்றாம் சட்டத்தில் கண் நின்றது. பச்சையில் கிடக்கும் பந்து தெரியாமல் பட்டு நகர்ந்தால் தண்டனை இல்லை. எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால் போதும்.

மூன்று தரம் வாசித்தேன். பிறகு அரிசி மூட்டையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஏழு வருசமாக எங்களைக் கொப்பியால் அடித்த மனுசன், பழைய கொப்பியால் அல்லவா அடித்திருக்கிறார்! ஓடிப்போய் அவர் மூக்குக்கு முன்னால் நீட்ட வேண்டும் என்று எழும்பினேன். எழும்பிய பிறகுதான் மற்றது விளங்கியது. தண்டனை இல்லையென்றால் ஹாஜியாருக்கு முப்பது. திரும்ப விளையாடியதே பிழை. கோப்பை அவருடையது.

புத்தகத்தை அரிசி மூட்டைக்குக் கீழே வைத்தேன். இரண்டு நாள் வைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், தொழுகையில்கூட அரிசி மூட்டைதான் ஞாபகம்.

மூன்றாம் நாள் தலையிடி தாங்காமல் பாமசிக்குப் போனேன். மர்ளியா இருந்தாள். முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் வாய் வாடவில்லை.

"என்ன சாச்சா, பனடோலா? கோப்பை தூக்கின தோள்வலியா?"

நான் காசை நீட்டினேன்.

"ஒங்கட வீட்டுல றிஃப்கா சாச்சி அத அலுமாரியால எடுத்து நாளுக்கு ரெண்டு தரம் பிரசோ போட்டு மினுக்குறாவாமே. கொஞ்சம் பார்த்து மினுக்கச் சொல்லுங்க. எண்ட கலியாணம் தேஞ்சு போன மாதிரி அதுவும் தேஞ்சுரும்." சிரித்தாள். மீதிச் சில்லறையை வைத்தாள். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கண் நிரம்பிவிட்டது. "அந்தப் பதினெட்டாம் சட்டத்த அகராதி பார்த்துத் தமிழில எழுதினது நான்தானே சாச்சா. நானே எழுதின வரி. வாப்பாவ நான் எப்பிடி ஏச?"

பனடோலை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். அரிசி மூட்டையைத் தூக்கி எறிந்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து நேராக முத்தலிபு நானா வீட்டுக்குப் போனேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு மர்ளியாவும் வந்தாள். வாப்பா அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து, "வாசிங்க மகள்" என்றார். அவள் இங்கிலிஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தாள். மஹ்மூதா ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முத்தலிபு நானா சீ.ஆர். கொப்பியை எடுத்து, மகளின் கையெழுத்தின் மேல் கோடு போட்டார். "பிழையான கொப்பிய வச்சுக்கிட்டு சரியான ஆள் மாதிரி நிண்டிருக்கிறன்" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம கோப்பைய எடுத்துக்கிட்டு வாங்க தம்பி. ஆக்களுக்கு முன்னால சொன்ன பிழைய ஆக்களுக்கு முன்னாலதான் திருப்பி எடுக்கணும்."

"வாப்பா," என்றாள் மர்ளியா. "கலியாணத்துக்காகப் போகாதீங்க. அப்பிடிப் போனா நான் அவரக் கட்டமாட்டன். பிழைக்காகப் போங்க."

"அதுக்குத்தான் போறன் மகள்."

வாப்பாவும் மகளும் ஒரே அச்சு. அப்படியே விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கலியாணத்தைச் சட்டப்படி கொன்றுவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் எல்லோரும் வந்திருந்தார்கள். ஹாஜியார் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். முத்தலிபு நானா அவருக்கு முன்னால் போய் நின்றார். நான் பின்னால், கோப்பையும் கையுமாக.

"ஹாஜியார், நான் ஒங்களுக்குக் கூட்டின அடி பிழை. சட்டம் மாறி ஒண்டரை மாசத்துக்குப் பிறகு நான் பழைய சட்டத்த வச்சுத் தண்டம் போட்டிருக்கிறன். தெரியாமப் பட்டா குத்தமில்ல. நீங்க நேர்மையாச் சொன்னீங்க, நான்தான் ஒங்கள ஆக்களுக்கு முன்னால குனிய வச்சன். மாப்புச் செய்யுங்க. கலியாணத்தப் பத்தி நான் ஒண்டும் கேட்க வரல்ல. கோப்பை ஒங்கட."

நான் கோப்பையை நீட்டினேன். ஹாஜியார் இப்போது ஊரே பார்க்க எழுந்து நின்று இரண்டு வார்த்தை கொடுப்பார் என்றுதான் காத்திருந்தோம். அவர் கோப்பையை வாங்கவில்லை. பிளேன்டீயைக் கீழே வைத்தார். முகம் கறுத்துப்போனது.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு? தெரியாமப் பட்டாத்தானே குத்தமில்ல?"

"ஓம்."

"தெரிஞ்சு தள்ளினா?"

"தெரிஞ்சு தள்ளினா ஒண்டு."

ஹாஜியார் களப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது தெரியாமப் பட்டதில்ல முத்தலிபு. கிட்டப் போகட்டுமெண்டு நான்தான் தள்ளின. தள்ளிட்டு நிமிர்ந்து பார்த்தா நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. பிடிபட்டுட்டமெண்டுதான் அப்பிடிச் சொல்லி எடுத்து வச்ச. அதுக்கும் நீங்க ஒண்டு கூட்டினதும் எனக்கு விசர் புடிச்சிட்டு. பொய்க்காரன் உண்மைக்காரன் மாதிரிக் கோவப்பட்டா ஊர் நம்பும்தானே. நம்பிச்சு."

முத்தலிபு நானா அவரையே பார்த்தார். "நான் பார்க்கல்ல ஹாஜியார்."

"என்ன?"

"நீங்க தள்ளினத நான் பார்க்கல்ல. குழி விளிம்புல சிவப்பெறும்பு புத்துக் கட்டியிருந்தது. நாளைக்கு மருந்தடிக்கணுமெண்டு அதத்தான் பார்த்துக்கிட்டு நிண்டன்."

பஸ்தியானுக்கு முதலில் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டான். ஹாஜியார் தலையில் கைவைத்தார். அந்த நேரத்தில், சம்மந்தம் திரும்ப உயிர்பெறப்போகிற அந்த நேரத்தில், முத்தலிபு நானா காதிலிருந்து பேனையை எடுத்தார்.

"அப்ப ஒண்டு" என்றார். "பழைய புத்தகத்துலயும் ஒண்டு, புதுப் புத்தகத்துலயும் ஒண்டு. முப்பத்தொண்டு முப்பத்தொண்டாவே இரிக்கட்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது ஹாஜியாரின் சிரிப்பு. வயிறு குலுங்க, கதிரை கிறீச்சிட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எழுதுங்க மனிசா, எழுதுங்க! எண்ட வீட்டுக்கு இப்பிடி ஒராள் வேணும். எண்ட மகன் எனக்குத் தெரியாம லொறியில என்னென்ன ஏத்துறான் எண்டு கண்டுபிடிக்க ஒங்கட மகளாலதான் ஏலும்." எழும்பி முத்தலிபு நானாவைக் கட்டிப்பிடித்தார். அகதி என்று சொன்னதற்கு மாப்புக் கேட்டார். அதையும் ஆக்களுக்கு முன்னால்தான் கேட்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்து நான் மெதுவாகக் கோப்பையோடு நழுவினேன். முத்தலிபு நானா விடவில்லை. "இந்தத் தம்பிதான் புத்தகத்தக் கொண்டுவந்து தந்தாரு. தன்ட கோப்பை போகுமெண்டு தெரிஞ்சும் கொண்டுவந்தாரு. இந்த மைதானத்துல நேர்மையான ஆள் இவருதான். எண்ட மகள்ட நிக்காஹ்வுக்கு இவரு சாட்சி நிக்கணும்" என்றார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வலித்த தட்டு வேறில்லை.

பங்குனிக் கடைசியில் பள்ளிவாசலில் நிக்காஹ். மிச்சச் சுவருக்கும் வெள்ளையடித்தாயிற்று. முத்தலிபு நானாவும் ரிஃபாஸும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பதிவுகாரர் புத்தகத்தைத் திறந்து பேனையோடு என் பக்கத்தில். மௌலவி தொடங்குவதற்கு முன், நிக்காஹ் செல்லுபடியாவதற்கு என்னென்ன வேண்டும் என்று சபைக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பொறுப்பாளரான வலி, மாப்பிள்ளை, பிறகு நீதமான இரண்டு சாட்சி. "சாட்சி நீதமான ஆளா இல்லாட்டி அது பெரிய குறை" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

சும்மா ஒரு பெருவிரல். யாருக்கும் நட்டமில்லை என்றுதானே தள்ளினேன்? இப்போது அந்த விரல் மர்ளியாவின் நிக்காஹ்வுக்குள் வந்து நிற்கிறது. அவள் கண் நிரம்பச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. முத்தலிபு நானா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மௌலவி வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிசம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "ஒரு நிமிசம் நானா. நான் சாட்சி நிக்க ஏலாது. கோப்பைப் போட்டியில, நீங்கெல்லாம் களப்புப் பக்கம் போன நேரம், தென்னைக்குப் பின்னால கெடந்த பந்த நான் காலால தள்ளின."

ஹாஜியார் தாடியைப் பிடித்துக்கொண்டார். முத்தலிபு நானா ரிஃபாஸின் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு?"

"ஒரு முழம்."

"கழுதை தட்டல்ல?"

"இல்ல நானா. நான்தான்."

வலது கை மாப்பிள்ளையிடம். இடது கையால் காதைத் தடவினார். வெள்ளை ஜுப்பாவுக்குப் பேனை வைத்துக்கொண்டு வரவில்லை.

"தள்ளின எடத்துல இருந்தே அடிச்சா ரெண்டு" என்றார். "நாலும் ரெண்டும் ஆறு. ஹாஜியார் அஞ்சு. கோப்பைய நாளைக்கு அவருக்குக் குடுத்துருங்க."

பிறகு மௌலவியைப் பார்த்து, "இப்ப இவரு சாட்சி நிக்கலாம் மௌலவி. தொடங்குங்க" என்றார்.